யோசனை சொல்பவருக்கு ஒரு பாலிசி

செத்தால் பணம் வரும் என்று சொல்லிக்கூடப் பாலிசி விற்றுவிடலாம். நீங்கள் தப்புச் செய்தால் பணம் வரும் என்று சொல்லி விற்பதுதான் கஷ்டம். போடியில் அந்தச் சோலியைப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். என்னைப் போலப் படியேறி இறங்கும் ஏஜென்ட் மக்களுக்கு இந்த வலி தெரியும்.

முதல் போணி

யோசனை சொல்லிப் பிழைப்பவருக்கென்று ஒரு பாலிசி உண்டு. அவர் சொன்னது தப்பாகி, கேட்டவருக்கு நட்டம் வந்தால் கம்பெனி ஈடு கட்டும். ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பூச்சிமருந்து எழுதிக்கொடுக்கும் சரவணனிடம் இதை விளக்க மூன்று நடை நடந்தேன். மூன்றாம் நடையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை டிராயருக்குள் அடியில் தள்ளினார்.

"வெளியில சொல்லிராதீங்கண்ணே. தப்பு வரும்னு தெரிஞ்சுதான் மருந்து எழுதுறான்னு பேசிருவாங்க."

ஜீப்பு நிறையவில்லை

மறு வருடமே தப்பு வந்தது. இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்லியிருந்தார். ராசிங்காபுரத்து ரத்தினத்தம்மாளின் மலைத்தோட்டத்தில் இலையெல்லாம் கருகிவிட்டது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதில் கேட்ட தொகைக்குச் சரவணன் இருக்கிற வீட்டை விற்றாலும் போதாது.

காலையில் போன் செய்தார். "பழத்தட்டு வாங்கிட்டேண்ணே. மேல போயி, தப்பு என்னுதுதான்னு அந்தம்மாட்ட சொல்லிட்டு வந்துர்றேன்." எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். ஆனால் பாலிசியின் ஷரத்து வேறு. கம்பெனியைக் கேட்காமல் தப்பை ஒத்துக்கொண்டால் ஈடு கிடைக்காமல் போகலாம். விற்கிற அவசரத்தில் அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மலைக்குப் போகும் ஜீப்பு ஆள் நிறையாமல் கிளம்பாது. எத்தனையோ நாள் திட்டிய அந்த வழக்கத்தை அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். டிரைவர் என்னைக் கண்டதும், "வெரசா ஏறுங்கண்ணே, ஒரு ஆளுதான் கொறையுது" என்றார். ஏறவில்லை, சரவணனைக் கையைப் பிடித்து இறக்கினேன். விஷயத்தைச் சொன்னதும் பழத்தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க சொன்ன யோசனையிலயே ஓட்டை இருந்தா, நான் எந்தக் கம்பெனிக்குண்ணே போறது?"

தட்டு மலையேறியது

கம்பெனி ஆள் தோட்டத்துக்கு வந்தார். கருகிய செடியைப் பார்த்தார், சரவணன் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்தார். ஏழு மாதம் இழுத்தது. கடைசியில் ஈட்டுத்தொகை ரத்தினத்தம்மாளுக்குப் போய்ச் சேர்ந்தது; வீடு தப்பியது. செய்தி வந்த அன்று, பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

"இப்பவாவது மன்னிப்புக் கேக்கலாமாண்ணே?" என்றார் சரவணன். கம்பெனியில் விசாரித்தேன், தாராளமாகக் கேட்கலாம் என்றார்கள். புதிதாகப் பழம் வாங்கிக்கொண்டு மேலே போனோம். குருத்து விட்டிருந்த செடிகளுக்கு நடுவில் நின்றபடி ரத்தினத்தம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். தட்டை வாங்கிக்கொண்டு, சரவணனின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அன்னைக்கே நீ வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த நோட்டீசை நானே கிழிச்சுப் போட்ருப்பேனே அப்பு."

பாலிசியும் வேண்டும், பழத்தட்டும் வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. எதை முதலில் எடுப்பது என்று யாராவது கேட்டால் மட்டும், யோசனை எதுவும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிவிடுகிறேன்.