கரன்ட் போன படத்தின் முடிவு

டெல்லி துவாரகாவில் எங்கள் எதிர் வீட்டுக்குக் குடிவந்த செல்வி, என் கணவரின் ஊர்க்காரி. டீ குடிக்க வந்தவள், சிறுவயதில் ஒரு ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் நாடு முழுக்கப் போட்ட தமிழ்ப் பேய்ப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"கடைசில கரன்ட் போயிட்டுல்லா அண்ணாச்சி!"

"ஆமா, தெருவே கத்துச்சுல்லா!" என்று இவர் துள்ளினார். இத்தனை வருடத்தில் என்னிடம் அப்படிச் சிரித்துப் பேசியதில்லை. டெல்லியில் பிறந்த எனக்கு வயிறு எரிந்தது.

"பேய் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலையே," என்றாள் செல்வி.

எனக்குத் தெரியும். அதே மதியம் இங்கே டெல்லியில், கிட்வாய் நகர் வீட்டில் முழுப் படத்தையும் பார்த்திருந்தேன். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் போனதும் இவரிடம் மட்டும் சொன்னேன்.

"அந்தப் படத்துல கதாநாயகியோட அண்ணன்தாங்க பேய்."

"அச்சா! அப்படியா!" என்று வாய்விட்டுச் சிரித்தவர், உடனே செருப்பை மாட்டினார். "இரு, செல்விகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

நானும் பின்னாலேயே ஓடினேன். பொறாமை போய்விடவில்லை. ஆனால் அந்த முடிவை என் வாயால் சொல்ல வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.