பென்சிலால் எழுதிய அட்டைகள்

போன மார்கழியில் மூன்று நாட்கள் நான் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பயந்து வாழ்ந்தேன். அவள் என் அக்காவின் மகள். தாயோடு கனடாவிலிருந்து வந்து, வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள்.

பிள்ளை ஒரு வருடமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அக்கா முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. வைத்தியர்களிடமும் அவள் வாய் திறக்கவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தவள், தானாகவே ஒரு விளையாட்டை உருவாக்கத் தொடங்கிய பிறகுதான் மேசைக்கு வந்து சாப்பிட்டாளாம். தடித்த காகிதத்தில் வெட்டிய அறுபத்திரண்டு அட்டைகள், தீவுகளும் கடல்வழிகளும் வரைந்த ஒரு பலகை, கொஞ்சம் காய்கள். அதுதான் இப்போது அவளுடைய உயிர் என்றாள் அக்கா.

அத்தானின் உறவினரைப் பார்க்க இருவரும் மூன்று நாள் திருகோணமலைக்குப் புறப்பட்டார்கள். விடாத மழை. விளையாட்டுப் பெட்டி நனைந்துவிடும் என்று பிள்ளை அதை என்னிடம் தந்தாள். வந்த நாளிலிருந்து என்னோடு நாலு சொல் கதைத்திருந்தால் அதிகம்.

"சித்தி, இதைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ," என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒன்றைக் கவனமாகப் பார்ப்பது என்றால் அதற்கு உறை போடுவது. புதுக் கதிரையில் சுற்றி வந்த பொலித்தீனை ஐந்து வருடமானாலும் கழற்ற மாட்டோம். ரிமோட்டுக்கு உறை, வங்கிப் புத்தகத்துக்கு உறை, வேதாகமத்துக்கும் உறை. அதிலும் நான் பேர்போனவள். பள்ளிக்கூடம் புது வருடத்துக்குத் திறந்தால் அயலட்டைப் பிள்ளைகளின் புத்தகக் கட்டுகள் எங்கள் விறாந்தைக்கு வந்துவிடும். ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் ஒட்டிக் கொடுப்பேன்.

மாரி காலத்தில் இங்கே காகிதம் நமத்துப் போகும், பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியைத் திறந்தேன். அட்டைகளின் ஓரங்கள் வளையத் தொடங்கியிருந்தன. உடனே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், ஒரு பக்கம் பசையுள்ள பொலித்தீன் சுருள் வாங்கி வந்தேன். முன்னும் பின்னும் ஒட்டி, அடிமட்டத்தால் அழுத்தி, ஓரம் வெட்டி, அறுபத்திரண்டையும் பின்னேரத்துக்குள் முடித்தேன். பலகையையும் விடவில்லை. பிள்ளை எல்லாவற்றையும் பென்சிலால் எழுதியிருந்தாள். ஏன் பென்சில் என்று நான் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். படித்த முட்டாள் நான்.

பெருமை தாங்காமல் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எல்லாத்தையுமோ ஒட்டிப்போட்டாய்?"

"ஓம்."

"அவள் ஒவ்வொரு நாளும் அதை அழிச்சு அழிச்சுத்தானடி எழுதுறவள். விளையாட்டு இன்னும் முடியேல்லை."

தான் பிள்ளையிடம் சொல்லப் போவதில்லை, செய்தவளே சொல்லட்டும் என்று தொலைபேசியை வைத்துவிட்டாள். பெட்டியின் மூலையில் கிடந்த அழிறப்பரை அப்போதுதான் கண்டேன். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. நாங்கள் வேதக்காரர்தான். ஆனாலும் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையிலிருந்து எங்களுக்கும் விலக்கில்லை.

ஒரு அட்டையின் மூலையை நகத்தால் கிளப்பி மெல்ல உரித்துப் பார்த்தேன். பொலித்தீனோடு காகிதத்தின் மேல்தோலும் எழுத்தும் சேர்ந்தே வந்தன. கையில் மிஞ்சியது வெறும் வெள்ளை அட்டை. அதில் என்ன எழுதியிருந்தது என்பதுகூட எனக்கு நினைவில்லை. மற்ற அட்டைகளைத் தொடக் கை வரவில்லை. வெள்ளை அட்டையை வேதாகமத்துக்குள் ஒளித்து வைத்தேன்.

பிறகு இரண்டு நாட்கள் ஒரே யோசனைதான். பிள்ளை மறுபடி அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டால்? அங்கேயாவது வைத்தியர்கள் பக்கத்தில் இருந்தார்கள். இங்கே நானும் அக்காவும்தான். பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் காலை திருப்புளியை எடுத்து, அவள் படுக்கும் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்.

மத்தியானம் வான் வந்து நின்றது. அவள் செருப்பைக் கழற்ற முன்பே பெட்டியை நீட்டி, செய்ததைச் சொன்னேன். உரித்ததை மட்டும் சொல்லத் துணிவு வரவில்லை. அவள் ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அவளுடைய கை தாழ்ப்பாளைத் தேடுவது எனக்குக் கேட்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"தாழ்ப்பாள் எங்கை?"

"நான்தான் கழட்டினனான்."

"ஏன்?"

"பயத்தில, பிள்ளை."

"சித்திக்கோ பயம்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. பெரியவர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு என்பதை அன்றுதான் அறிந்தவள்போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அட்டையில் ஒன்று குறைகிறது என்றாள். எண்ணிப் பார்த்திருக்கிறாள். இனி ஒளித்து என்ன பயன்? வேதாகமத்தைத் திறந்து வெள்ளை அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அதில் எதையும் எழுதவில்லை. பலகையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, எங்கள் இருவரையும் இருக்கச் சொன்னாள். மற்றவற்றை இனி மாற்ற முடியாது, அதனால் இதற்கு மட்டும் புது விதி என்றாள்.

"இதை எடுக்கிற ஆள் தனக்கு எதுக்குப் பயமெண்டு சொல்லோணும். பொய் சொல்லக் கூடாது."

வழுக்கும் அட்டைகளோடு வெள்ளை அட்டையையும் சேர்த்துக் கலைத்து நடுவில் வைத்தாள். முறை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தோம். மூன்றாவது சுற்றில் அந்த வெள்ளை அட்டை அவளிடமே வந்தது. விருப்பமில்லை என்றால் விட்டுவிடச் சொன்னாள் அக்கா. பிள்ளை பொலித்தீன் இல்லாத சொரசொரப்பான பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அங்கை, அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக எனக்குப் பயமா இருக்கு, அம்மா."

ஒரு வருடமாக எல்லோரும் கேட்டும் அவள் சொல்லாதது அது. அவர்கள் கனடா திரும்பும் விமானச் சீட்டில் இருந்த திகதிக்கு இன்னும் ஒன்பது நாட்கள்தான் இருந்தன. அக்கா கையிலிருந்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்தது யாருடைய முறை என்று ஒருவரும் கேட்கவில்லை.