உறை பிரிக்காத இயந்திரம்

நான் வேலை பார்க்கும் ஈப்போ தனியார் மருத்துவமனையில், நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க ஓர் இயந்திரம் வாங்கினார்கள். ஹோய்ஸ்ட் என்று பெயர். வந்த நாளிலிருந்து அது ஸ்டோரில்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஆடிட் நாளில் மட்டும் வெளியே உருட்டி வந்து, உறையின் மேல் படிந்த தூசியைத் துடைப்போம். புதுசாகவே வைத்திருக்கிறீர்கள் என்று அதிகாரிகள் பாராட்டுவார்கள். மறுபடியும் ஸ்டோர், பூட்டு. சாவி வார்டு சிஸ்டரின் பையில்.

ஆளைத் தூக்குவது அட்டெண்டன்களாகிய நாங்கள். முதுகு வலி என்று யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால், "என்னா டத்தின், ஒடம்பு நோவுதா?" என்று, பட்டம் வாங்கிய சீமாட்டியை அழைப்பதுபோல் கிண்டல். ரப்பர் தோட்டத்தில் பால் வாளி சுமந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். வலியைச் சொன்னால் சோம்பேறிப் பட்டம்தான். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வருவோம். எனக்கும் அந்த வீம்பு உண்டு.

போன வருடம் ஒருநாள் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. மூன்று வாரம் எம்.சி., மருத்துவ விடுப்பு. புந்தோங் வீட்டில் தரையோடு தரையாகக் கிடந்தேன். இன்னொரு முறை இப்படி ஆனால் ஆபரேஷன்தான், இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். பயந்துபோனேன். பயம் போனதும் கோபம் வந்தது.

வேலைக்குத் திரும்பிய காலையிலேயே சிஸ்டர் கூப்பிட்டார். பக்கவாதம் வந்த, நல்ல கனமான பெரியவரை நாற்காலிக்கு மாற்ற வேண்டும்.

"ஹோய்ஸ்ட் வேணும் சிஸ்டர்."

"அது கெட்டுப்போயி ரோசாக் ஆயிட்டா யாரு பதில் சொல்றது? ரெண்டு பேரா தூக்குங்க லா."

"என் முதுகு ரோசாக் ஆனப்ப யாரும் பதில் சொல்லலியே. சாவி குடுங்க. இல்லாட்டி தூக்க மாட்டேன்."

நான் நகரவில்லை.

சிஸ்டர் முறைத்தார். பிறகு விறுவிறுவென்று போய் ஸ்டோரைத் திறந்தார். நான் கத்தரிக்கோலால் உறையைக் கிழித்தேன். சக்கரத்தின் பூட்டை விடுவிக்கக் குனிந்த சிஸ்டர் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தேன். சீருடைக்குள், முதுகு வலிக்குக் கட்டும் கெட்டியான இடுப்புப் பட்டை கையில் தட்டுப்பட்டது.

"எத்தன வருசமா சிஸ்டர்?"

"எட்டு. யார்கிட்டயும் சொல்லாத."

அவரை உட்கார வைத்துவிட்டு, இன்னொரு அட்டெண்டனோடு பெரியவரை ஹோய்ஸ்டிலேயே மாற்றினேன். பிறகு, வேலையில் அடிபட்டால் எழுதித் தரும் படிவத்தில் இரண்டை எடுத்து வந்து, ஒன்றை சிஸ்டரின் மடியில் வைத்தேன்.

"நானும் இன்னும் எழுதல. பேனா எடுங்க, சேந்தே எழுதுவோம்."