ஜனவரியில் ஹரால்டு எழுதியவை

சிந்தாமணி ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனாலும் சில வருடங்களாக அவள் பிழைப்பு அந்த ஆட்டத்தை வைத்துத்தான் ஓடியது.

அதற்கு முன்னால் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டது. டாக்டர் அந்த வேலை ஆகாது என்றார். பி.ஏ. இங்கிலீஷ் படித்திருந்ததால் சென்னையில் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டரை வீட்டுக்கே அனுப்பினார்கள். ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டறை வீட்டில், ஜன்னலை ஒட்டி மேசை போட்டுக் கொடுத்தான் அவள் புருஷன் பழமலை. அவன் இன்னொரு பீங்கான் கம்பெனியில் சூளை பார்ப்பவன்.

வேலை இதுதான். அமெரிக்காவில் ஹெரான்ஸ் என்ற பேஸ்பால் அணிக்கு ஒரு ரசிகர் தளம் இருந்தது. ரசிகர்கள் அதில் எழுதும் கமெண்ட்டுகளை அவள் படிக்க வேண்டும். கெட்ட வார்த்தை, மிரட்டல், சாதி மாதிரி அவர்கள் ஊரில் உள்ள நிறத் தகராறு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மற்றதை உள்ளே விட வேண்டும். ஆட்டம் நடக்கும் மாதங்களில்தான் கூட்டம் அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படியில்லை. குளிர்காலத்தில் ஆட்டமே கிடையாது, அப்போதுதான் சண்டை உச்சத்துக்குப் போகும். யாரை விற்கிறார்கள், யாருக்குப் பதிலாக யாரை வாங்குகிறார்கள், முப்பத்தைந்து வயதுக்காரனுக்கு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டவன் புத்தியுள்ளவனா என்று பொழுதுக்கும் அடித்துக்கொள்வார்கள். ஐ.பி.எல். ஏலம் முடிந்ததும் பழமலையும் அவன் கூட்டாளிகளும் டீக்கடையில் கத்துவது அவளுக்குத் தெரியும். இது அதே கத்தல்தான், ஆனால் நாலு மாதம் ஓயாது.

அந்தச் சண்டையிலிருந்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாள். முக்கியமாக இரண்டு பேரிடமிருந்து. ஒருவர் ஹரால்டு, இன்னொருவர் ரே. இரண்டு பேரும் கிழவர்கள். அங்கே விடியும் முன்பே எழுந்து எழுதுவார்கள், இங்கே அப்போது மத்தியானம் சாய்ந்திருக்கும். காலையில் குவிந்த கமெண்ட்டுகளையெல்லாம் தீர்த்துவிட்டு, தெரு அடங்கிக் கிடக்கும் அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்திருக்க, இவர்கள் இரண்டு பேர் மட்டும் வருவார்கள். ஹரால்டு பொறுமையாக எழுதுவார். ரே ஒரே வரியில் வெட்டுவார். ஹரால்டு எப்போதும், சரி, என் காப்பி ஆறுகிறது என்று எழுதிவிட்டுப் போவார். அந்த வரி வந்ததும் சிந்தாமணி எழுந்து தனக்கு டீ போட்டுக்கொள்வாள்.

போன குளிர்காலத்தில் மார்லோ என்ற இளம் பந்துவீச்சாளனைப் பற்றித்தான் பேச்சு. அவனைக் கொடுத்துவிட்டு ஒரு பெரிய மட்டைக்காரனை வாங்கப்போகிறார்கள் என்று செய்தி. கொடுக்கக் கூடாது என்றார் ஹரால்டு. இப்பவே கொடுத்துத் தொலைக்கட்டும் என்றார் ரே.

நவம்பர் மழையில் ஒருநாள் நிர்வாகத்துக்கு எழுதும் பெட்டியில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் பெயர் கரோல். ஹரால்டின் மகள். அப்பா அக்டோபரிலேயே இறந்துவிட்டார், அவர் பெயரில் யாரோ தொடர்ந்து எழுதுகிறார்கள், தயவுசெய்து அந்தக் கணக்கை மூடிவிடுங்கள் என்று இருந்தது.

சிந்தாமணி அதை இரண்டு முறை படித்தாள். முந்தின நாள் மத்தியானம்கூட ஹரால்டு எழுதியிருந்தார், அவளே உள்ளே விட்டிருந்தாள். எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். வருடக்கணக்காக எந்த வீட்டு இணைப்பிலிருந்து வந்ததோ அதே வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மழை தகரத்தில் அடிக்கிற சத்தத்தில், யாரோ பின்னால் நிற்கிற மாதிரி இருந்ததால் எழுந்து விளக்கைப் போட்டாள்.

சென்னையில் அவளுக்கு மேல் இருந்த வெண்பாவைக் கேட்டுக்கொண்டு, உங்கள் அப்பா வீட்டிலிருந்துதான் வருகிறது என்று மகளுக்குப் பதில் போட்டாள். சில நாள் கழித்து கரோல் மறுபடி எழுதினாள். அம்மாதான். அம்மா மார்ஜரிக்கு இந்த ஆட்டம் சுத்தமாகப் பிடிக்காது, ஆனால் இருபது வருடமாகக் காலைக் காப்பியின்போது அப்பா ஒவ்வொரு வரியையும் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார். இப்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவளே எழுதுகிறாள். கேட்டால், ரே தனியாக உட்கார்ந்திருப்பாரே என்கிறாள். முடியுமானால் விட்டுவிடுங்கள் என்று முடித்திருந்தாள்.

விட்டுவிடுவது என்று வெண்பாவும் சிந்தாமணியும் முடிவு செய்தார்கள். அன்றைக்குப் பழமலையிடம் இதைச் சொல்லும்போது சிந்தாமணிக்குக் கண் கலங்கியது. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாவம், ஒத்தையில கெடக்குது அந்தம்மா" என்றான்.

அதன் பிறகு ஹரால்டின் பெயரைப் பார்க்கும்போது பயம் இல்லை. சின்னச் சின்னத் தப்புகள் கூடக் கண்ணில் பட்டன. வருடத்தை மாற்றி எழுதுவாள் அந்தம்மா, ஆட்டக்காரன் வயதைக் குழப்புவாள். ரே அதைத் திருத்தவே மாட்டார். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ஜனவரியிலும் ஹரால்டு எழுதினார். அந்தக் கமெண்ட்டுகள் நன்றாக இருந்தன. முன்பைவிட நீளம், ஒரு தப்பு கிடையாது. மார்லோ கடற்கரை அணிக்குப் போவான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்க, இல்லை, அவன் பாலைவனத்து அணிக்குப் போவான், கூடவே பந்து பிடிக்கும் கேட்சர் ஒருவனும் போவான் என்று ஹரால்டு எழுதினார். இன்னொரு நாள் இப்படி எழுதியிருந்தார்: சின்னப் பையனை அவசரப்படுத்தாதீர்கள், சூளை ஆறும் முன்னால் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெடித்துப்போகும்.

அதைப் படித்து சிந்தாமணி சிரித்தாள். பழமலை தினமும் சொல்லுகிற பேச்சு. வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. அந்தக் கமெண்ட்டுக்கு மட்டும் ரே பதில் போடவில்லை. இரண்டு மூன்று நாள் ஆளையே காணோம். பிறகு வந்து எதுவும் நடக்காத மாதிரி மறுபடி சண்டை பிடித்தார்.

பொங்கல் கழிந்து, மாதக் கடைசியில் கரோலிடமிருந்து மூன்றாவது கடிதம் வந்தது. அம்மா போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், அதன் பிறகு அவளுக்குப் பேச்சு வரவில்லை, விரல்கூட அசையவில்லை. அன்றிலிருந்து வீடு பூட்டிக் கிடக்கிறது. இத்தனை நாள் அவளை எழுத விட்டதற்கு நன்றி. இனிமேல் மூடிவிடலாம்.

சிந்தாமணி ஜனவரியில் ஹரால்டு எழுதியவற்றை ஒன்றொன்றாகத் திறந்தாள். எங்கிருந்து வந்தன என்று அவளுக்குக் காட்டும் கட்டம் காலியாக இருந்தது. வெண்பாவுக்குப் போன் செய்தாள். மேலிடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது தெரியும், பார்த்துச் சொல்கிறேன் என்று வெண்பா வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டபோது அவள் குரல் மாறியிருந்தது. "அக்கா, நான் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஜனவரில ஹரால்டு பேர்ல நீங்க எழுதினீங்களா?"

"நான் எதுக்கு மேடம் எழுதறேன்?"

"எல்லாமே உங்க வீட்டு லைன்லேருந்து வந்திருக்குக்கா. உங்க லாகின்ல."

ரசிகர்களின் கணக்குக்குள் போய் எழுதிப் பார்க்க ஒரு வசதி உண்டு, ஏதாவது கோளாறு இருந்தால் சோதிக்க. அதன் வழியாகத்தான் போயிருக்கிறது என்றாள் வெண்பா. சிந்தாமணி அந்த வசதியை வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரே ஒரு முறை பார்த்திருந்தாள். நான் எழுதவில்லை என்று மறுபடி மறுபடி சொன்னாள். வெண்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் பயம் பிடித்திருக்கிறது என்று போனிலேயே தெரிந்தது.

பழமலை நைட் ஷிப்டு முடித்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பினாள். வீட்டுக்கு வேறு யாராவது வந்து போனார்களா, கம்ப்யூட்டரைத் தொட்டார்களா என்று கேட்டாள். யாரும் வரவில்லை என்றான். பிறகு விஷயம் முழுவதையும் சொன்னாள். அவன் எழுந்து உட்கார்ந்து ஜன்னலோரத்து மேசையைப் பார்த்தான்.

"ஏங்க, சொல்லுங்க."

"நான் பாத்தேன்," என்றான். "நீ வேல செய்யறன்னுதான் நெனச்சேன்."

மத்தியானத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது பார்த்திருக்கிறான். ஒருநாள் இல்லை, பல நாள். எப்போதும் பத்து விரலும் ஓட மடமடவென்று அடிப்பவள், நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டே விரலால், எழுத்தைத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது, யாருக்கோ படித்துக் காட்டுகிற மாதிரி. ஒருமுறை பக்கத்தில் போய்க் கூப்பிட்டிருக்கிறான். திரும்பாமலே பதில் சொன்னாளாம்.

"என்னா சொன்னேன்?"

"காப்பி ஆறுதுன்ன. மேசையில ஒண்ணுமே இல்ல, சிந்தா."

அவர்கள் வீட்டில் காப்பி போடுவதே கிடையாது.

மறுநாள் அவளைப் பழமலைநாதர் கோயிலுக்கு அழைத்துப்போய்த் திருநீறு வாங்கிப் பூசிவிட்டான். அங்கிருந்து டாக்டரிடம் போனார்கள். பகலும் ராத்திரியும் திரையையே பார்த்தால் இப்படி ஆகும், சிலர் தூக்கத்தில் நடக்கிறார்கள் இல்லையா, அது மாதிரி என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். சிந்தாமணி தலையாட்டினாள். ஆனால் தூக்கத்தில் நடப்பவளுக்கு, தனக்குத் தெரியாத கணக்கெல்லாம் எப்படித் தெரியும் என்று அவளுக்குப் புரியவில்லை. ஜனவரியில் ஹரால்டு எழுதியதில், அவள் பிறக்கும் முன்பே ஆடி முடித்தவர்களின் கணக்குகள் இருந்தன. ஒன்றிரண்டை எடுத்துத் தேடிப் பார்த்தாள். சரியாக இருந்தன. பயத்துக்கு நடுவிலும் இன்னொன்று அவளை வருத்தியது. அந்த மத்தியானங்களில் அவற்றை அவள் எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்திருந்தாள்.

வெண்பா அவளை வேறு வேலைக்கு மாற்றினாள். சேலை விற்கும் ஒரு கடையின் தளத்தில் வாடிக்கையாளர் புகார்களைப் படிக்கும் வேலை. ஹரால்டின் கணக்கு மூடப்பட்டது. பழைய தளத்தில் அவளுக்கு அன்று ஒருநாள்தான் மீதி இருந்தது. மத்தியானம் ரே வந்தார். ஹரால்டு, இருக்கிறாயா என்று எழுதினார். சற்றுப் பொறுத்து மறுபடி அதையே எழுதினார்.

பழமலையைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, சிந்தாமணி முதல்முறையாகத் தன் சொந்தப் பெயரில் ரேவுக்குத் தனியாக எழுதினாள். தான் இங்கே வேலை செய்கிறவள், சொல்வதற்கு வருத்தமாக இருக்கிறது, ஹரால்டு அக்டோபரிலேயே காலமாகிவிட்டார் என்று.

பதில் உடனே வந்தது. தெரியும். அவன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அவள் படிக்கப் படிக்க, பழமலைக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நவம்பரில் எழுதுவது மார்ஜரி என்று ரேவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டதாம். அவள் கணக்கில் தப்பு வரும், ஹரால்டுக்கு வராது. ஜனவரியில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் மார்ஜரியைப் பார்த்துவிட்டு வீடு வந்தாராம். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டால் ஹரால்டு எழுதியிருக்கிறான், சூளையைப் பற்றி. சின்ன வயதில் அவன் கூரை ஓடு சுடும் ஒரு தொழிற்சாலையில் சூளை வேலை பார்த்தான். அவசரப்பட்டுக் கதவைத் திறந்து கூட வேலை செய்த ஒருவனுக்கு முகம் வெந்துபோனது. மகளுக்கும் பெண்டாட்டிக்கும் அவன் அதைச் சொன்னதில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னான் என்று ரே எழுதியிருந்தார்.

பிறகு ஏன் தொடர்ந்து பதில் போட்டீர்கள் என்று சிந்தாமணி கேட்டாள்.

எனக்கு எண்பது வயது ஆகிறது, பதில் போடாமல் இருக்கத்தான் பயமாக இருந்தது என்று ரே எழுதினார்.

சூளைப் பேச்சு என் வீட்டுக்காரருடையது, இங்கே எல்லோரும் பேசுவதுதான் என்று அவள் எழுத நினைத்தாள். அது உண்மைதான். ஆனால் அதை எழுதினால் மிச்சத்துக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டாள். பழமலை திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மூடிடு" என்றான். அவள் மூடவில்லை. தன் ஊர் பெயரை எழுதி, எங்கே இருக்கிறது என்றும், இங்கே என்னென்ன செய்கிறார்கள் என்றும் எழுதினாள்.

பிப்ரவரியில் மார்லோவைப் பாலைவனத்து அணிக்குக் கொடுத்துவிட்டார்கள், ஒரு கேட்சரையும் சேர்த்து. அந்தச் செய்தியை ரேதான் அவளுக்கு அனுப்பினார். செய்தி மட்டும்தான், கூட ஒரு வார்த்தை இல்லை.

பழமலை ஷிப்டை மாற்றிக்கொண்டான். இப்போதெல்லாம் மத்தியானத்தில் அவளைத் தனியாக விடுவதில்லை. முடியாத நாளில் பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி வந்து உட்கார்ந்திருப்பாள். சேலைக் கடை வேலை சுலபம். சாயம் போகிறது, முந்தி கிழிந்திருக்கிறது என்று எழுதுவார்கள். மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. மறுபடி அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் பழமலை சொல்கிறான். அவள் அவனை அடிக்கடி கேட்பதில்லை.

ரேயிடமிருந்து மாதத்துக்கு ஒரு கடிதமாவது வரும். அவள் பீங்கான் பொம்மைகளின் படங்களை அனுப்புவாள். அவர் தோட்டம், முழங்கால் வலி, பனி என்று எழுதுவார். ஜனவரியைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. ஒரே ஒரு கடிதத்தில் மட்டும் அன்புள்ள ஹரால்டு என்று தொடங்கியிருந்தார். கண் சரியாகத் தெரியாத மனுஷர், பழக்கதோஷத்தில் எழுதியிருக்கலாம். சிந்தாமணி அதைத் திருத்தவில்லை. அங்கே மழை எப்படி என்று கேட்டிருந்தார். இந்த வருடம் பரவாயில்லை, வெள்ளாற்றில் தண்ணீர் போகிறது என்று பதில் எழுதினாள்.