சுடுகிறது என்று மூன்று முறை சொன்னேன்

இயற்பியல் வாத்தியார் போய்விட்டார் என்று அவருடைய கல்லூரி பியூன் ஆட்டையாம்பட்டிக்கு வந்து சொன்னபோது, ஒரு கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் எழவில்லை. கட்டி முடித்துவிட்டுத்தான் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். அவர் மேல் எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்தது.

அவரைத் தெரிந்த நீங்கள் எல்லாம் படித்தவர்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். எக்ஸ்ரே பட்டால் ரத்த அணுக்கள் சாகும். கூடவே காந்தமும் இருந்தால் அதிகம் சாகுமா, குறைவாகச் சாகுமா என்பதுதான் அவர் தேடியது. காந்தத்துக்குக் காயில் சுற்றிக் கொடுத்தவன் நான். ரத்தமும் என்னுடையதே.

"ஏனுங்க வாத்தியாரே, ஊசி குத்தறது எனக்கு, கண்ண மூடிக்கறது நீங்களா?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார்.

ரத்தத்தை இரண்டு குழாயாகப் பிரித்து, ஒன்றை மட்டும் காயிலுக்குள் வைத்து, இரண்டுக்கும் எக்ஸ்ரே கொடுத்தார். காயிலுக்குள் இருந்ததில் செத்த அணுக்கள் அதிகம். மனிதர் குதிக்காத குறை. நான் காயிலைத் தொட்டுப் பார்த்தேன்.

"சுடுதுங்க. கூடச் செத்தது காந்தத்துலயா, இந்தச் சூட்டுலயா?"

"வெதுவெதுப்புதான் மாரப்பா. அது ஒண்ணும் பண்ணாது."

மூன்று முறை செய்தார். மூன்று முறையும் சொன்னேன்.

பிறகு இதை விளக்கிச் சொல்லக் கல்லூரியில் ஒரு கூட்டம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் சூட்டைப் பற்றியே கேட்டார். வாத்தியார் கடைசி வரிசையில் இருந்த என்னைக் கை காட்டினார்: "காயில் சுற்றியவர் அதை என்னிடம் சொல்லவில்லை."

எல்லாத் தலைகளும் திரும்பின. அன்றிலிருந்து நான் வேலை தெரியாதவன்.

மறு சனிக்கிழமை என் கடைக்கு வந்தார். அந்தக் காயிலையும் ஒரு தெர்மாமீட்டரையும் மேசையில் வைத்தார். "யார் சொன்னாலும் நம்பாதே, அளந்து பார்" என்று வகுப்பில் சொல்வாராமே, அவர்.

"நான் சொன்னனா இல்லைங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"டீ சொல்லு மாரப்பா."

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார், டீ குடித்தார், ஊர்க்கதை எல்லாம் பேசினார். அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று நானும் அளக்காமலே இருந்தேன்.

சாவு வீட்டில் அவருடைய தம்பி, "இவர்தான் அந்தக் காயில்காரர்" என்று யாருக்கோ என்னைக் காட்டினார். சிரித்துவைத்தேன்.

கடைக்குத் திரும்பி, பரணிலிருந்த காயிலை இறக்கி, உள்ளே ஒரு குழாய் தண்ணீரும் தெர்மாமீட்டருமாக வைத்துக் கரண்ட் கொடுத்தேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பவை இவை இரண்டும்தான். ஐம்பது டிகிரியைத் தாண்டுகிறது, வாத்தியாரே. டீ சொல்லியிருக்கிறேன். ஒரு கிளாஸ்தான்.