றஞ்சித்துக்கு நான் எழுதிய நற்சான்று

ஐந்தாம் வகுப்போடு வள்ளம் ஏறியவன் நான். இன்று எனக்கு மூன்று படகுகள். எங்கள் கரையோரக் கத்தோலிக்கப் பங்கின் சபைத் தலைவரும் நான்தான். கலியாணமோ வெளிநாட்டு விசாவோ, இந்தக் கிறகோரி எழுதிய நற்சான்று ஒன்றும் வீண்போனதில்லை.

மார்கிரட்டின் மகன் றஞ்சித்துக்கும் எழுதினேன்.

திருநாளில் தோளில் தூக்கிப்போகும் சொரூபக் கூட்டைச் சோடிப்பவன் அவன். அவன் செய்த கடதாசிப் பூவைக் கிழவிகள் மணந்து பார்ப்பார்கள். வேறோர் ஊர்ப் பையனோடு புருசன் பெண்சாதி போல இருக்கிறான் என்று ஒரு வருடம் கதை பரவியது. அந்த வருடத் திருநாளிலும் கூட்டுக்குத் தோள் கொடுக்க வந்தான்.

"உவன் தொட்டா நாங்கள் தூக்கமாட்டம்" என்று இளந்தாரிகள் விலகி நின்றார்கள். சுற்றுப்பிரகார ஊர்வலம் நடுரோட்டில் நிற்கக்கூடாதே என்று, "கையை எடடா" என்றேன். மிச்சத்தைக் கோவிலுக்குப் பின்னால் அவர்கள் செய்தார்கள். கடதாசி மடிக்கிற வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

கை பொருந்தியதும் பிரான்சுக்கு ஓடினான். அங்கே ஒரு கோவில் மண்டபத்தில், அவன் யாரென்று தெரிந்தே, கட்டிலும் சாப்பாடும் கொடுத்தார்கள். அகதி மனுவுக்கு ஊர்ப் பங்கின் கடிதம் கேட்டு மார்கிரட் வந்தாள்.

"நடந்ததை எழுதுங்கோ அண்ணை."

"உனக்கென்ன விசரே? அடிவாங்கினவன் எண்டு எழுதினா ஆர் மதிப்பினம்? என்ரை எழுத்தைப் பாத்து அவங்கள் எழும்பி நிண்டு விசா குடுப்பாங்கள், பார்."

றஞ்சித் எங்கள் பங்கின் செல்லப்பிள்ளை, ஊரே அவனில் உயிர், எவரோடும் பகையில்லை என்று எழுதி, முத்திரையும் குத்தினேன்.

மூன்றாம் மாதம் மார்கிரட் வந்தாள். வாசலோடு நின்றுவிட்டாள்.

"மனுவை நிராகரிச்சுப்போட்டினம். ஊரே உயிரா இருக்கிற பிள்ளைக்கு ஊரிலை என்ன பயம் எண்டு, உங்கடை கடிதத்தைத்தான் காட்டிக் கேட்டவையாம்."

மேன்முறையீட்டுக்கு இரண்டு கிழமை இருந்தது. சபையைக் கூட்டி, நடந்ததை எழுதுவோம் என்றேன்.

"பங்கின்ரை மானத்தை வெளிநாட்டிலை விக்கவோ?" என்றார் செயலாளர். "கையை எடுக்கச் சொன்னதும் நீங்கள்தானே, தலைவர்?"

முத்திரையை அவரே எடுத்துப் பூட்டினார்.

அடித்தவர்களின் பெயர்களை என் கோணல் எழுத்தில் நானே எழுதினேன். முதலில் என் பெயர். முத்திரை இல்லாமல் நான் கொடுத்த கடிதம் அது ஒன்றுதான். பதில் இன்னும் வரவில்லை.

இந்தத் திருநாளுக்குக் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் பூவால் கூட்டைச் சோடித்தார்கள். தோள் கொடுக்க என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.