சிகப்புத் துணிக்கு அந்தாண்ட

ஒரு வாய் சோறு, ஒரு விசில். ஞாயிற்றுக்கிழமைகளில் கோதண்டபாணியின் சாப்பாடு இப்படித்தான் நடக்கும். ஏரிப் படகுத்துறையில் காவல் வேலை. ஆழம் தொடங்கும் இடத்தில் கம்பு நட்டுச் சிகப்புத் துணி கட்டியிருந்தது. “ஏம்பா, சிகப்புத் துணிக்கு அந்தாண்ட போவாத! பள்ளம் ஜாஸ்தி!” என்று கத்திவிட்டு மறுபடி தூக்குவாளிக்குள் கை விடுவார். சும்மா இருக்கும்போது அவர் கைகள் இரண்டும் மடிமேல் முன்னும் பின்னும் அசையும். ஜேசிபி ஓட்டிப் பழகிய கைகள்.

ஆலங்காயத்து மலை மழையெல்லாம் வந்து சேரும் பெரிய ஏரி. நடுவில் பல வருஷம் வறண்டு கிடந்தது. பகலில் பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். ராத்திரியில் செங்கல் சூளைக்கு மண் போனது. அப்புறம் ஒரு ஐப்பசியில் கொட்டித் தீர்த்து ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. பெடல் படகு வந்தது, மிளகாய் பஜ்ஜி வந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு வந்து ஆற அமர ஒரு நாளைக் கழித்துப் போகிறார்கள். பாவி ஏரி, பார்க்க அத்தனை அழகு.

சிகப்புத் துணி கட்டுவதற்கு முன்னால் அவர் மருமகன் பரணிதரனும் அப்படி வந்தவன்தான். “நாங்க பேட் புடிச்ச தரை மாமா, எனக்குத் தெரியாதா?” என்று சிரித்துக்கொண்டே இறங்கினான். அங்கே பள்ளம் இருப்பது கோதண்டபாணிக்குத் தெரியும். தோண்டியதே அவர் வண்டிதான். வாணியம்பாடியில் வீடு கட்டும் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போன ராத்திரிகள் அவை. இப்போது சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று பக்கத்தில் நிற்கும் மகள் கேட்பாளே! அவர் தயங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தவன் அடுத்த அடியில் காணாமல் போனான்.

இந்த வாரம் மகள் எழிலரசி சோறு கொண்டுவந்த நேரத்தில் ஒருவன் துணியைத் தாண்டிவிட்டான். கோதண்டபாணி பாய்ந்துபோய்த் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து கரையில் போட்டார். “இன்னா பேஜாரு இது, எனக்கு நீச்சல் தெரியும்” என்று முணுமுணுத்தபடி அவன் போய்விட்டான்.

எழிலரசி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து கரை மண்ணை வாரி ஏரியைப் பார்த்துத் தூற்றினாள். “பள்ளம் தோண்டனவன் வெளங்காம போவ! அவன் ஊட்லயும் ஒருத்தி என்ன மாதிரி தாலியறுத்து நிக்கணும்!”

கோதண்டபாணி ஈரம் சொட்டச் சொட்ட எழுந்தார். மகளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்றார். அடுத்த பிடி மண் அவர் முகத்தில் விழுந்தது.

“தள்ளி நில்லுப்பா” என்றாள்.

அவர் நகரவில்லை. கண்களை மட்டும் மூடிக்கொண்டார்.